கலிங்கைத் தட்டிப் பாருங்கள்

புதிதாக வேலைக்குச் சேரும் பொறியாளர்களுக்கு வகுப்பெடுக்கும்போது முதலில் ஒரு படத்தைத் திரையில் போடுவேன். புல் போர்த்திய பெரிய மண் அணை. அதையொட்டி மலைச்சரிவில் இறங்கும் கான்கிரீட் வாய்க்கால். அதன் நடுவில் ஒரு பெரும் பள்ளம். அங்கிருந்து பழுப்புத் தண்ணீர் பக்கவாட்டில் பாய்ந்து மலையை அறுத்துக்கொண்டு போகிறது. "இதில் எது உடைந்திருக்கிறது?" என்று கேட்டால் பாதிப் பேர் "அணை சார்" என்பார்கள். அணைக்கு ஒன்றும் ஆகவில்லை. போனது கலிங்கு, அதாவது அணை நிரம்பினால் உபரிநீரை வெளியேற்றும் அந்த வாய்க்கால்.

கலிபோர்னியாவில் ஃபெதர் ஆற்றின் குறுக்கே இருக்கும் ஓரோவில் அணை அது. உயரம் 770 அடி. அமெரிக்காவில் அதைவிட உயரமான அணை கிடையாது. கட்டி முடித்தது 1968-இல். கொள்ளளவு சுமார் 150 டி.எம்.சி., அதாவது நம் மேட்டூரைப்போல ஒன்றரை மடங்குக்கும் அதிகம். அந்த மாநிலம் 2012 முதல் சில வருடங்கள் வறட்சியில் காய்ந்து கிடந்தது. 2016-17 குளிர்காலம் வந்ததும் வடக்கு சியரா மலைப்பகுதியில் பதிவேடுகளில் அதுவரை இல்லாத அளவுக்கு மழை கொட்டியது.

2017 பிப்ரவரி 7, செவ்வாய்க்கிழமை. ஷட்டர்கள் வழியாக விநாடிக்கு 50,000 கன அடிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. வாய்க்காலின் நடுவில் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாக எகிறுவதைக் கவனித்தவர்கள் ஷட்டரை இறக்கினார்கள். கான்கிரீட் தளம் பெயர்ந்து, அடியில் குழி விழுந்திருந்தது. கோடைக்காலமாக இருந்தால் சுற்றி வேலி போட்டுவிட்டு டெண்டர் விட்டிருக்கலாம். ஏரியோ நிரம்பிக்கொண்டிருந்தது. 9-ஆம் தேதி நீர்வரத்து விநாடிக்குச் சுமார் 1,90,000 கன அடியைத் தொட்டது.

தண்ணீரை வெளியேற்ற அவர்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, மின்நிலையம். அதன் வழியாகப் போவதே கொஞ்சம்தான். அதோடு மலையிலிருந்து அடித்து வந்த கல்லும் மண்ணும் கீழே ஆற்றை அடைத்து, மின்நிலையத்தின் வெளிவாயில் தண்ணீர் ஏறியதால் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. இரண்டாவது, உடைந்த பிரதான கலிங்கு. அதில் எவ்வளவு விட்டாலும் உடைப்பு பெரிதாகும். மூன்றாவது, அவசரக் கலிங்கு. 1,730 அடி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் தடுப்பு. ஷட்டர் எதுவும் கிடையாது; நீர்மட்டம் கடல் மட்டத்திலிருந்து 901 அடியைத் தாண்டினால் தானாக வழியும். தடுப்புக்குக் கீழே வெறும் மலைச்சரிவு, மண்ணும் மரமும்தான். கட்டியதிலிருந்து ஒரு நாள்கூட அதில் தண்ணீர் வழிந்ததில்லை.

பிரதான கலிங்கில் 55,000 முதல் 65,000 கன அடிவரை மட்டும் விட்டு, அது மேலும் சிதையாமல் காப்பாற்றுவது என்று முடிவெடுத்தார்கள். பக்கத்தில் இருந்த உயர் மின்கோபுரங்கள் சரிந்துவிடுமோ என்ற கவலையும் அதில் சேர்ந்திருந்தது. தப்பான முடிவு என்று இன்று சுலபமாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த அறையில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேனோ என்னவோ. கண்ணெதிரே உடைந்து கிடப்பதைப் பார்த்தால் அதைக் காப்பாற்றத்தான் கை போகும். உடையாமல் இருப்பதை, அது இதுவரை வேலையே செய்ததில்லை என்றாலும், நம்பிவிடுவோம்.

11-ஆம் தேதி காலை அவசரக் கலிங்கில் முதன்முதலாகத் தண்ணீர் வழிந்தது. உச்சத்தில் போனது விநாடிக்கு 12,600 கன அடி அளவுதான். மூன்று லட்சத்துக்கும் மேல் தாங்கும் என்று ஏட்டில் இருந்த அமைப்பு, அதில் 4 சதவீதம் வருவதற்குள்ளேயே ஆட்டம் கண்டுவிட்டது.

ஆட்டம் கண்டது எப்படி என்பதுதான் விஷயம். மேலிருந்து விழும் தண்ணீர் மண்ணைப் பறிக்கிறது. பறித்த இடத்தில் ஒரு படி உண்டாகிறது. படியின் காலடியை நீர் குடைய, மேல்பகுதி இடிந்து விழுகிறது. இப்படி அந்தப் படி கீழே போகாமல், நீரோட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி, தடுப்பை நோக்கி நகர்கிறது. ஏரிக்கரை அரித்த கிராமங்களில் பெரியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தடுப்பின் அடியை எட்டிவிட்டால் தடுப்பு சரியும். 30 அடி உயரத் தண்ணீர் மொத்தமாக இறங்கும். அதை நிறுத்த ஷட்டர் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அந்தப் படி தடுப்பை நெருங்கிவிட்டது. மாலை 4 மணிக்கு மேல் மாவட்ட ஷெரீஃப் (அங்கே காவல்துறைத் தலைவர்) வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டார். சுமார் 1,88,000 பேர் ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். நெடுஞ்சாலைகளில் வண்டிகள் மணிக்கணக்கில் நின்றன. அப்போது மழை விட்டிருந்தது. அணைக்குக் கீழே குடியிருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான்: உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்துக்கும் வரப்போகும் வெள்ளத்துக்கும் சம்பந்தம் இருக்க வேண்டும் என்பதில்லை. மலையில் என்றோ பெய்த மழை ஏரியில் நிற்கிறது, அவ்வளவுதான். 'வெயில் அடிக்கிறதே, நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள்.

அதே மாலையில்தான் அந்த நெருக்கடியின் சரியான முடிவும் எடுக்கப்பட்டது. உடைந்த பிரதான கலிங்கில் விநாடிக்கு 1 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். வாய்க்கால் போனால் போகட்டும், ஏரி இறங்கட்டும். இரவு 8 மணி வாக்கில் நீர்மட்டம் 901 அடிக்குக் கீழே வந்தது, அவசரக் கலிங்கில் வழிவது நின்றது. அப்புறம் லாரிகளிலும் ஹெலிகாப்டர்களிலும் பாறை கொண்டுவந்து அரிப்பை அடைத்தார்கள். 14-ஆம் தேதி, எப்போது வேண்டுமானாலும் மறுபடி கிளம்பத் தயாராக இருங்கள் என்ற எச்சரிக்கையோடு, மக்கள் வீடு திரும்பினார்கள். வெள்ளம் வரவில்லையே, வீணாக விரட்டினார்களே என்று சிலர் சலித்துக்கொண்டதாகக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும்.

அவசரக் கலிங்குக்குக் கீழே இருந்த அந்த மலைச்சரிவுக்குக் கான்கிரீட் போடுங்கள் என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் 2005-லேயே அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தில் மனுக் கொடுத்திருந்தன. தேவையில்லை என்று பதில் வந்தது. கடைசியில் சீரமைப்புக்கும் நெருக்கடி கால வேலைகளுக்கும் சேர்த்து 100 கோடி டாலருக்கு மேல் ஆனது.

சரி, பிரதான கலிங்கின் தளம் முதலில் ஏன் பெயர்ந்தது? 2018 ஜனவரியில் வந்த தனி வல்லுநர் குழுவின் அறிக்கையை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு விரிசலிலோ இணைப்பிலோ மோதினால் அழுத்தத்தோடு தளத்தின் அடியில் நுழைகிறது. கல்லில் ஒட்டிய தோசையின் ஓரத்தில் கரண்டி நுனியை விட்டு நெம்புவதுபோலத் தளத்தைக் கிளப்புகிறது. கீழே கெட்டிப் பாறை இருந்து, தளத்தைப் பாறையோடு பிணைக்கும் ஆங்கர் கம்பிகள் இறுகப் பிடித்திருந்தால் தளம் அசையாது. ஓரோவிலில் பல இடங்களில் அடியில் இருந்தது சிதைந்த, மண்ணாகிப்போன பாறை. போதாததற்கு, கசிவுநீரை வெளியேற்றப் போட்ட குழாய்கள் தளத்துக்குள்ளேயே புடைத்திருந்தன. குழாய் போகும் கோட்டில் கான்கிரீட் மெலிந்து, கட்டிய கொஞ்ச காலத்திலேயே அதே கோட்டில் விரிசல் விட்டது. குழாய்களில் கசிவுநீரும் நிறையவே வந்தது. பார்த்தார்கள், எழுதி வைத்தார்கள், ஒட்டுப் போட்டார்கள். வருடங்கள் போகப் போக அது இயல்பு ஆகிவிட்டது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய லஸ்கர், அதாவது அணையைப் பார்த்துக்கொள்ளும் களப் பணியாளர், நினைவுக்கு வருவார். நான் உதவிப் பொறியாளராகச் சேர்ந்த புதிது. பருவமழைக்கு முந்தைய ஆய்வுக்காக ஒரு சிறிய அணையின் கலிங்கில் நடந்துகொண்டிருந்தோம். ஓர் இணைப்பில் கோரைப்புல் முளைத்திருந்தது. "இது எப்பவும் இப்படித்தான் சார், வருஷா வருஷம் பூசிடுவோம்" என்றார் உடன் வந்த அதிகாரி. லஸ்கர் ஒன்றும் பேசவில்லை. தன் கடப்பாரையைத் திருப்பி, மொட்டை முனையால் தளத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். டண், டண், டண். புல் முளைத்த இடத்துக்கு வந்ததும் 'தொப்' என்றது.

"மழைக் காலத்தில் இங்கே புல் முளைக்கலாம் தம்பி. இது சித்திரை. தண்ணி எங்கேயிருந்து வருது?" என்றார்.

அந்த ஸ்லாபை உடைத்துப் பார்த்தோம். என் கை தோள்வரை உள்ளே போனது. அலுவலகத்துக்கு வந்து கோப்பைப் புரட்டினேன். ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரே வரி, ஒரே கையெழுத்து: 'விரிசல் பூசி அடைக்கப்பட்டது.'