தொலைந்தாலும் போய்ச் சேரும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்காலம் ஏழரை மணிக்கு மேல் ஒரு விசித்திரம் நடக்கும். சென்னையில் படிக்கிற மகளோடு வீடியோவில் பேசினால் முகம் கட்டம் கட்டமாக உடையும். "கேக்குதாம்மா?" என்று இரண்டு பக்கமும் கத்த வேண்டியிருக்கும். அதே நேரத்தில் அதே கைப்பேசியிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகையைப் பிடிஎஃப் கோப்பாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிப் பாருங்கள். கொஞ்ச நேரம் வட்டம் சுற்றும். அப்புறம் ஓர் எழுத்துகூடக் குறையாமல் போய்ச் சேர்ந்துவிடும். லைன் ஒன்றுதான், வைஃபையும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒன்று சிதைகிறது, இன்னொன்று முழுசாகப் போகிறது?

இணையம் எதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. முடிந்தால் தள்ளிவிடும், முடியாவிட்டால் கீழே போட்டுவிடும், போட்டதைச் சொல்லக்கூட மாட்டாது. இவ்வளவு பொறுப்பில்லாத ஒன்றின் மேல்தான் வங்கியும் பள்ளிக்கூடமும் ஓடுகின்றன என்பது முதலில் கேட்பவருக்குத் திகிலாக இருக்கும். ஆனால் அந்தப் பொறுப்பின்மை தெரிந்தே வைக்கப்பட்டது.

அந்தப் பத்திரிகைக் கோப்பு மூன்று மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். அது ஒரே துண்டாகப் போகாது, பொட்டலம் (பாக்கெட்) எனப்படும் சிறு துண்டுகளாகப் போகும். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஈதர்நெட் முறையின் காலத்து வழக்கப்படி ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1,500 பைட். அனுப்புநர் முகவரி, பெறுநர் முகவரி, வரிசை எண் போன்ற தலைப்புத் தகவல்களுக்கு அதில் குறைந்தது 40 பைட் போய்விடும். மீதி 1,460 பைட்தான் சரக்கு. கணக்குப் போட்டால் இரண்டாயிரத்துச் சொச்சம் பொட்டலங்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கிளம்புகிறது. எல்லாம் ஒரே வழியில் போக வேண்டும் என்றோ, கிளம்பிய வரிசையிலேயே போய்ச் சேர வேண்டும் என்றோ கட்டாயம் கிடையாது.

ஏன் இப்படி வெட்ட வேண்டும்? பழைய தொலைபேசியில் நீங்கள் கோலாலம்பூருக்குப் பேசினால் இடையிலுள்ள ஒவ்வொரு இணைப்பகத்திலும் உங்களுக்காக ஒரு தடம் ஒதுக்கப்படும். இருவரும் வாய் திறக்காமல் இருந்தாலும் அந்தத் தடத்தை வேறு யாரும் தொட முடியாது. மனிதப் பேச்சுக்கு அது சரி. கணினிகளோ அரை விநாடி கொட்டும், பத்து விநாடி சும்மா இருக்கும். 1960களில் அமெரிக்காவில் பால் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும், ஒருவரை ஒருவர் அறியாமலே, ஒரே யோசனைக்கு வந்தார்கள்: செய்தியைச் சிறு துண்டுகளாக்கு, தடத்தை எல்லோருக்கும் பொதுவாக்கு. அணுகுண்டு விழுந்தாலும் பிழைக்கும் வலை வேண்டும் என்பது பாரனின் கவலை. டேவிஸின் கவலை கணினி நேரம் வீணாகக் கூடாது என்பது. இணையமே அணுப்போருக்காகக் கட்டப்பட்டது என்று சொல்லித் திரிபவர்கள் பாரனின் கதையை மட்டும் பாதி கேட்டவர்கள்.

பொட்டலம் முதலில் தொடுவது வீட்டு வைஃபை பெட்டியை. வீட்டுக்குள் கைப்பேசிக்கு இருக்கும் முகவரி பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். அதே முகவரி பக்கத்து வீட்டிலும் இருக்கும், பந்திங்கிலும் இருக்கும், சேலத்திலும் இருக்கும். வெளியுலகத்தில் அதற்கு மதிப்பில்லை. இதைப் புரிந்துகொள்ளத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஒரு வசதி உண்டு. லயத்து வீடுகளுக்குத் தனித்தனி தபால் முகவரி கிடையாது. எல்லாக் கடிதமும் எஸ்டேட் பெயருக்கு ஆபீசுக்குத்தான் வரும். எந்தக் கடிதம் எந்த லயத்துக்கு என்பது ஆபீஸ் எழுத்தரான கிராணிக்குத்தான் தெரியும். வைஃபை பெட்டி அந்தக் கிராணியின் வேலையைச் செய்கிறது. வெளியே போகும் பொட்டலத்தில் வீட்டு முகவரியை அழித்துவிட்டுத் தன் பொது முகவரியை எழுதுகிறது. யாருடையது என்பதை ஒரு எண்ணோடு குறித்துவைத்துக்கொண்டு, பதில் வரும்போது உரிய கைப்பேசிக்குத் திருப்புகிறது. ஒரே ஒரு வித்தியாசம். கிராணிக்கு ஆட்களைத் தெரியும், பெட்டிக்குத் தெரியாது. உள்ளிருந்து யாரும் முதலில் எழுதாத ஊரிலிருந்து கடிதம் வந்தால் குப்பையில் போட்டுவிடும்.

இந்த ஏற்பாடு முகவரிப் பஞ்சத்தால் வந்தது. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டது. கைப்பேசி நிறுவனங்கள் பல, நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. மிகப் பல முகவரிகள் கொண்ட புதிய முறையான ஐபிவி6 இதற்கு மருந்து. மலேசியாவில் அது பரவலாகவே புழங்குகிறது.

சரி, பொட்டலம் வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டது. இனி வழி யாருக்குத் தெரியும்? முழு வழி யாருக்குமே தெரியாது. வழியில் பொட்டலங்களைக் கைமாற்றிவிடும் கருவிதான் ரவுட்டர், ஒவ்வொரு ரவுட்டரிடமும் ஓர் அட்டவணை மட்டும் இருக்கிறது: இந்தக் கொத்து முகவரிகளுக்கான பொட்டலத்தை இந்தப் பக்கம் தள்ளு, அந்தக் கொத்துக்கு அந்தப் பக்கம். தள்ளிய உடனே மறந்துவிடும். ஒரு பொட்டலத்துக்கு இரண்டு வரிகள் பொருந்தினால் சின்னக் கொத்தைச் சொல்லும் வரிக்கே முன்னுரிமை. இந்த விதியைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள், வில்லங்கமே இதில்தான் வரும்.

அட்டவணையை நிரப்ப இரண்டு விதமான புத்தி வேண்டும். ஒரே நிறுவனத்தின் வலைக்குள், எந்தக் கம்பி எவ்வளவு வேகம் என்பதை ரவுட்டர்கள் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு, மிகக் குறைந்த செலவுள்ள பாதையைக் கணக்கிடுகின்றன. கணக்கு, டச்சுக்காரர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஆம்ஸ்டர்டாம் காப்பிக்கடை ஒன்றில் இருபது நிமிடத்தில் மனதிலேயே போட்டது. அதில் சச்சரவு இல்லை.

நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையில்தான் கதை மாறுகிறது. அங்கே ஆள்வது பிஜிபி என்ற நெறிமுறை. 1989 ஜனவரியில் டெக்சஸ் மாநில ஆஸ்டினில் நடந்த பொறியாளர் கூட்டத்தின்போது, கிர்க் லாஹீட், யாக்கோவ் ரெக்டர் இருவரும் சாப்பாட்டு மேசையில் கைதுடைக்கும் காகிதத்தில் கிறுக்கி உருவாக்கியது. 'இந்த முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்' என்று ஒவ்வொரு நிறுவனமும் அண்டை நிறுவனத்துக்கு அறிவிக்கும், அண்டை நிறுவனம் அதை நம்பித் தன் அண்டைக்குச் சொல்லும். இதில் தூரத்தைவிடக் காசுதான் பேசும். நமக்குப் பணம் தரும் வாடிக்கையாளர் வழியே ஒரு பாதை, நாம் பணம் கொடுக்கும் பெரிய நிறுவனம் வழியே இன்னொரு பாதை என்றால், முன்னதையே எடுப்பது வழக்கம். சுற்றுவழியாக இருந்தாலும்.

அதனால்தான் ஒரே தாமானில் (குடியிருப்பில்) அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் வெவ்வேறு நிறுவனத்தின் இணைப்பு வைத்திருந்தால், ஒருவர் அனுப்பும் பொட்டலம் வேலியைத் தாண்டுவதற்குப் பதிலாக இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே இறங்கி, கோலாலம்பூர்ப் பக்கம் இரு நிறுவனங்களும் கைகோர்க்கும் இடத்தில் கைமாறித் திரும்பி வரக்கூடும். அப்படிக் கைகோர்க்கவென்றே 2006-இல் மைஐஎக்ஸ் எனும் மலேசிய இணையப் பரிமாற்றகம் தொடங்கியது. அப்படி ஒரு பொது இடம் இல்லையென்றால் உள்ளூர்ப் பொட்டலம் வெளிநாடு போய் வர வேண்டியிருக்கும்.

நம்பிக்கையில் ஓடும் ஏற்பாடு கெட்டால் என்ன ஆகும்? 2008 பிப்ரவரி 24 அன்று, அரசு உத்தரவுப்படி யூடியூபை உள்நாட்டில் மட்டும் முடக்கப் பார்த்தது பாகிஸ்தான் டெலிகாம். யூடியூப் 1,024 முகவரிகள் கொண்ட கொத்தாக அறிவித்திருந்த இடத்தில், அதற்குள்ளேயே 256 முகவரிகளின் சின்னக் கொத்தைப் பாகிஸ்தான் டெலிகாம் தன்னுடையதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு ஹாங்காங் வழியாக வெளியே கசிந்தது. சின்னக் கொத்துக்கே முன்னுரிமை. உலகத்தின் பெரும்பகுதிக்கு யூடியூப் சுமார் இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை.

நம் ஊர்க் கதை இதைவிடப் பெரியது, ஆனால் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். 2015 ஜூன் 12, மலேசிய நேரம் மாலை 4.43. டெலிகாம் மலேசியா தான் கற்றுவைத்திருந்த சுமார் 1,79,000 பாதைகளை, 'இவற்றுக்கெல்லாம் என் வழியாகப் போகலாம்' என்பதுபோல, லெவல் 3 என்ற உலகப் பெருநிறுவனத்துக்குத் தவறுதலாக அறிவித்துவிட்டது. லெவல் 3-க்கு டெலிகாம் மலேசியா வாடிக்கையாளர். வாடிக்கையாளர் பாதைக்கே முதலிடம் என்ற காசுக் கணக்குப்படி, லெவல் 3 வடிகட்டாமல் அத்தனையையும் ஏற்று உலகுக்கும் சொன்னது. எங்கோ ஐரோப்பாவில் ஒரு தெருவுக்குப் போக வேண்டிய பொட்டலம்கூட மலேசியாவுக்கு வந்து திரும்பப் பார்த்தது. அவ்வளவையும் தாங்குமா நம் கம்பி? நிரம்பி வழிந்தது. உலகெங்கும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் இணையம் தள்ளாடியது. பழியை மலேசியாவின் மேல் மட்டும் போடுவது நியாயமில்லை என்பது என் எண்ணம். வந்ததைச் சரிபார்க்காமல் விழுங்கியவருக்கும் அதில் பாதி உண்டு. எந்த முகவரியை யார் அறிவிக்கலாம் என்பதை இப்போது மின் கையொப்பத்தால் சரிபார்க்கும் முறை பரவி வருகிறது. பாகிஸ்தான் மாதிரிக் கோளாறை அது நன்றாகவே தடுக்கும். 2015 மாதிரிக் கசிவில் முகவரியின் சொந்தக்காரர் பெயர் சரியாகவே இருக்கும், பாதைதான் தப்பு. அதைப் பிடிக்க அது மட்டும் போதாது.

கடலைத் தாண்டுவதை வேகமாகப் பார்த்துவிடுவோம். பினாங்கிலிருந்து சென்னைக்கு வங்காள விரிகுடாவின் அடியில் 2016 முதல் ஒரு கண்ணாடி இழைக் கேபிள் இருக்கிறது. இலங்கை, மும்பை வழியாக ஓமன்வரை போகும், மொத்தம் சுமார் 8,000 கிலோமீட்டர். உங்கள் பொட்டலம் அதில்தான் போகும் என்று சொல்ல முடியாது. சிங்கப்பூர் சுற்றியும் போகலாம். இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்பதால் 2,500 கிலோமீட்டருக்கு 12.5 மில்லிவிநாடி போதும். ஆக, உங்கள் வீடியோ உடைவதற்குக் கடலைக் குற்றம் சொல்லாதீர்கள். கேபிளே அறுந்தால் வேறு. 2006 டிசம்பர் 26 அன்று தைவான் அருகே நிலநடுக்கத்தில் பல கேபிள்கள் அறுந்தபோது பொட்டலங்கள் மிச்சமிருந்த வழிகளில் முண்டியடித்தன. பழுது பார்க்க வாரக்கணக்கானது.

உண்மையான இடர் வரிசையில் நிற்பதில் இருக்கிறது. சாயங்காலம் ஊரே படம் பார்க்கிறது. ஒரு ரவுட்டருக்கு வெளியே போகும் வேகத்தைவிட உள்ளே வருவது அதிகமானால், மிஞ்சியவை அதன் நினைவகத்தில் காத்திருக்கும். நினைவகமும் நிரம்பினால் அடுத்து வரும் பொட்டலம் கீழே விழும். சத்தமில்லாமல்.

விழுந்ததைக் கவனிப்பது இரு முனைகளின் வேலை. வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் முன்வைத்த டிசிபி என்ற நெறிமுறை இதற்குத்தான். பெறுபவர் 'இதுவரை வந்தது' என்று ஒப்புகை அனுப்பிக்கொண்டே இருப்பார். ஒப்புகை வராவிட்டால் அனுப்புபவர் அந்தத் துண்டை மறுபடி அனுப்புவார். வரிசை மாறி வந்தால் பெறும் முனை அடுக்கிக்கொள்ளும். கேட்க அருமையாக இருக்கிறது அல்லவா? இதிலேயே ஒரு பொறி இருந்தது. 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில், வெறும் 400 கஜ இடைவெளியில் இருந்த இரண்டு இடங்களுக்கு நடுவே வேகம் விநாடிக்கு 32,000 பிட்டிலிருந்து 40 பிட்டுக்குச் சரிந்தது. நெரிசலில் பொட்டலம் விழ, எல்லோரும் மறுபடி அனுப்ப, நெரிசல் இன்னும் கூட, இன்னும் விழ என்று சுழல். வான் ஜேக்கப்சன் என்ற இயற்பியலாளர் 1988-இல் வெளியிட்ட தீர்வு எளிமையானது: பொட்டலம் விழுந்தால் அதை நெரிசலின் அடையாளமாக எடுத்துக்கொள், உடனே வேகத்தைப் பாதியாக்கு, பிறகு மெல்ல மெல்லக் கூட்டு. யாரும் மேற்பார்வை செய்யாமலே கோடிக்கணக்கான கருவிகள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பது இதனால்தான். பொட்டலம் விழுவதே இங்கே தகவல். இணையத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

இப்போது அந்தக் கல்யாணப் பத்திரிகை தாமதித்தாலும் முழுசாக வருவதன் காரணம் தெரிந்துவிட்டது. வீடியோ பேச்சால் அப்படிக் காத்திருக்க முடியாது. 'எப்படிம்மா இருக்கே' என்பதில் ஒரு துண்டு ஒரு விநாடி கழித்து வந்தால் அதை வைத்து என்ன செய்வது? ஆகவே வீடியோ அழைப்புகள் பெரும்பாலும் யுடிபி என்ற, ஒப்புகை கேட்காத முறையில் போகின்றன. விழுந்தது விழுந்ததுதான். செயலி முந்தைய பிம்பத்தை வைத்து ஒப்பேற்றும், தரத்தைக் குறைக்கும், அதுவும் முடியாதபோது முகம் கட்டம் கட்டமாகும்.

உங்கள் வீட்டில் பொட்டலம் எங்கே தவிக்கிறது என்று பார்க்க வழி இருக்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் ஓர் ஆயுள் எண் உண்டு, பெரும்பாலும் 64 அல்லது 128 என்று தொடங்கும். ஒவ்வொரு ரவுட்டரும் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமானால் அந்த ரவுட்டர் பொட்டலத்தை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு ஒரு சீட்டு அனுப்பும். தவறான அட்டவணையால் பொட்டலம் காலமெல்லாம் வட்டமடிக்காமலிருக்க வைத்த காப்பு இது. அதே ஜேக்கப்சன் இதையே உளவு வேலைக்குப் பயன்படுத்தினார்: ஆயுள் 1, 2, 3 என்று கூட்டிக்கொண்டே அனுப்பினால் வழியிலுள்ள ரவுட்டர்கள் ஒவ்வொன்றாகத் தம்மைக் காட்டிக்கொடுக்கும். விண்டோஸ் கணினியின் கட்டளைச் சாளரத்தில் ட்ரேசர்ட் (tracert) என்ற கட்டளையோடு ஒரு தளத்தின் பெயரைச் சேர்த்துத் தட்டினால் அந்தப் பட்டியல் வரும், பக்கத்தில் மில்லிவிநாடிகளோடு. முதல் வரியே தாறுமாறாக ஏறினால் கோளாறு உங்கள் வைஃபையில். பெட்டியைச் சமையலறைச் சுவருக்குப் பின்னாலிருந்து எடுங்கள். இரண்டாவது மூன்றாவது வரியில் ஏறி, கடைசிவரை இறங்காமலே இருந்தால் நெரிசல் சேவை நிறுவனத்தின் பக்கம். இடையில் ஒரு வரி மட்டும் எகிறி அடுத்ததில் இறங்கினாலோ, நட்சத்திரக் குறிகள் மட்டும் வந்தாலோ பொருட்படுத்த வேண்டாம். அந்த ரவுட்டர் சீட்டு எழுதுவதைக் கடைசி வேலையாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான். காலையில் ஒன்று, இரவு எட்டரைக்கு ஒன்று எனப் பட்டியலைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு புகார் எண்ணைக் கூப்பிடுங்கள். பெட்டியை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டிக்க அவர்களுக்கு அவ்வளவு எளிதாக இருக்காது.