சொல் விளக்கம்: வாழ்நாள் எதிர்பார்ப்பு

ஒருவரைப் பற்றிப் பேசும்போதே அவர் வந்து நின்றால் ‘ஆயுசு நூறு’ என்போம். விபத்தில் தப்பினால் ‘ஆயுசு கெட்டி’. ‘ஆயுஸ்’ என்ற வடசொல்தான் தமிழில் ஆயுள் ஆனது. நன்றாக ஊறிவிட்ட சொல்தான், ஆனால் தலையெழுத்தும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. ‘சராசரி ஆயுள் 70’ என்று படித்ததும் எழுபதில் கதை முடிந்துவிடும் என்று பலர் நினைப்பது அதனால்தானோ என்னவோ.

கணக்கு வேறு. ஓர் ஆண்டில் ஒவ்வொரு வயதிலும் இறப்பு விகிதம் என்ன என்று எடுக்கிறார்கள். அதே விகிதங்கள் மாறாமல் நீடித்தால், இப்போது பிறக்கும் குழந்தைகள் சராசரியாக எத்தனை ஆண்டு வாழ்வார்கள் என்பதே வாழ்நாள் எதிர்பார்ப்பு (life expectancy) என்ற இந்த எண். பச்சிளம் குழந்தைகள் அதிகம் இறந்தால் அது சட்டென்று சரியும். அந்த ஊரிலும் 80 வயதுப் பாட்டிகள் இருப்பார்கள்.

‘எதிர்பார்ப்பு’ வந்தது சூதாட்டக் கணக்கிலிருந்து. பகடை ஆட்டத்துக்குக் கணக்குப் போட்ட டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸும் அவர் தம்பி லோடவைக்கும், 1669இல் கடிதம் வழியாக அதே கணக்கை மனித வாழ்வுக்கும் போட்டுப் பார்த்தார்கள். ஆக, இது மனத்தின் ஆசை அல்ல, எண்களின் சராசரி.

சரி, ‘சராசரி ஆயுள்’ என்றே சொன்னால் என்ன? அது வேறோர் எண்ணுக்குப் பொருந்தும். 1842இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரச் சீர்திருத்தவாதி எட்வின் சாட்விக், அந்நாட்டின் லிவர்பூல் நகரில் இறந்தவர்களின் சராசரி வயதைப் பிரித்துக் காட்டினார்: மேட்டுக்குடியினர் 35, தொழிலாளர் 15. ரட்லாண்ட் என்ற நாட்டுப்புறத்தில் தொழிலாளருக்கே 38! அதிர வைத்த எண்கள்தான். ஆனால் குழந்தைகள் நிறைந்த இடத்தில் இறப்பவர்களிலும் குழந்தைகள் கூடுதலாக இருப்பார்கள். அதனாலேயே இந்தச் சராசரி கீழே இறங்கும். இரண்டு ஊர்களை ஒப்பிட இது நம்பகமான அளவுகோல் இல்லை.

சரியான அளவுகோலில் பார்த்தாலும் இடைவெளி மறையவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் குழு 2008இல் வெளியிட்ட அறிக்கையில், ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரின் ஏழைப் பகுதியான கால்டனில் ஆண்களுக்கு 54. சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வசதியான லென்சியில் 82. ‘அவன் ஆயுசு அவ்வளவுதான்’ என்று இதைக் கடந்துபோக முடியாது. வறுமை, வேலை, வீடு, குடி எல்லாம் அந்த 28 ஆண்டுகளுக்குள் இருக்கின்றன.

அதனால் என் ஓட்டு ‘வாழ்நாள்’ பக்கம். குறளிலேயே (38) இருக்கும் சொல். வாழ்ந்த நாள்களைத்தான் எண்ணுகிறது, விதியை இழுப்பதில்லை. ‘ஆயுள் எதிர்பார்ப்பு’ தவறில்லை, புழக்கத்திலும் இருக்கிறது. எதை எழுதினாலும் ‘பிறப்பின்போது’ அல்லது ‘60 வயதில்’ என்று முன்னால் சேர்த்துவிடுங்கள். இரண்டும் வேறு வேறு எண்கள்.