பன்னீர் வாசம் தேடி வந்த மீன்

அன்னையர் தினத்தன்று மும்பையில் எங்கள் செம்பூர் கட்டடத்தின் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்து விழுந்தது. சால்மன் என்றொரு மீன் கடலிலிருந்து நெடுந்தூரம் நீந்திப் பிறந்த ஆற்றுக்கே வந்து முட்டையிடுமாம். குஞ்சுகள் பசியில் துடிக்கும்போது தன் சதையையே தின்னக் கொடுத்து எலும்புக்கூடாகி உயிரை விடுமாம். கடைசியில் ஒரு கும்பிடும் கை, இரண்டு அழும் முகம். நான் படித்துவிட்டு மறந்துபோனேன். மறுநாள் எதிர்வீட்டு அக்கா மீன் பையோடு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, மீன்கார மாவ்ஷி இதை இந்தியன் சால்மன்னு சொல்லிக் குடுத்தாங்க. நேத்து குரூப்ல வந்துச்சே, அந்த மீனா இது? நெனச்சாலே பாவமா இருக்கு, எப்படிக் குழம்பு வைக்கிறது?"

பையில் இருந்தது ராவஸ். தூத்துக்குடிப் பக்கம் காலா என்பார்கள். சால்மனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. சந்தையில் ஒட்டிக்கொண்ட பெயர், அவ்வளவுதான். கரையோரத்துச் சேற்றுக் கடலிலும் கழிமுகத்திலும் வாழ்கிற மீன் அது. ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்தபின் பெண்ணாக மாறுகிற மீனும்கூட. அதைச் சொன்னதும் அக்கா பைக்குள் ஒருமுறை சந்தேகமாக எட்டிப் பார்த்தார். அப்புறம் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரை: "சரி, நிஜ சால்மன் நிஜமாவே பொறந்த ஆத்துக்கே வருதா? எப்படிக் கண்டுபிடிக்குது?"

வருகிறது. ஆனால் குழுவில் வந்த தாய்ப்பாசக் கதை பொய். பசிபிக் சால்மன்கள் ஆற்றின் கூழாங்கல்லுக்கு அடியில் முட்டையிட்ட சில நாள்களிலோ வாரங்களிலோ செத்துவிடும். முட்டை பொரிய மாதக்கணக்கில் ஆகும். குஞ்சுக்குத் தாய் முகமே தெரியாது. வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பைதான் அதன் கட்டுச்சோறு. தகப்பன் மீனும் சேர்ந்தேதான் சாகிறது, அதற்கு அன்னையர் தினத்தில் இடமில்லை. அழுகும் உடல்கள் பூச்சிகளுக்கும் கரடிகளுக்கும் போய், கரையோர மரங்களுக்கு உரமாகின்றன. கடலிலிருந்து வந்த நைட்ரஜனை அந்த மரங்களின் உடலில் அளந்தே காட்டியிருக்கிறார்கள். என்னைக் கேட்டால், இந்த நிஜக் கதை அந்தப் பொய்க் கதையைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் இதற்கு யாரும் கும்பிடும் கை போடுவதில்லை.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். குஞ்சு ஆற்றில் சில மாதமோ, ஓரிரண்டு வருடமோ வளர்ந்து கடலுக்கு இறங்கும். பள்ளியில் படித்த சவ்வூடு பரவல் நினைவிருக்கும். நன்னீரில் மீனின் உடலுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டே இருப்பதால் அது ஓயாமல் சிறுநீர் கழிக்க வேண்டும். கடலில் தலைகீழ்: உடலின் நீர் வெளியே போகும், அதனால் கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ள வேண்டும். இந்த மாற்றத்துக்குத் தயாராகும் பருவத்தில் குஞ்சின் உடல் வெள்ளியாக மின்னத் தொடங்கும். தைராய்டு ஹார்மோன் எகிறும். இந்த ஹார்மோன் எகிறலை மட்டும் மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவேன்.

ட்ரவுட்டும் இதே குடும்பம்தான். வெள்ளைக்காரர்கள் தூண்டில் போட்டு விளையாட நீலகிரிக்குக் கொண்டுவந்த மீன். ஊட்டியை அடுத்த அவலாஞ்சிப் பண்ணையில் வளர்கிற வானவில் ட்ரவுட்டும், அமெரிக்க மேற்குக் கரையில் கடலுக்குப் போய் வருகிற ஸ்டீல்ஹெட் என்ற பெரிய மீனும் ஒரே இனம். ஒன்று சொந்த ஊரிலேயே இருந்துவிட்டது, மற்றது பம்பாய்க்கு வண்டியேறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மூக்குக்கு வருவோம்.

1940களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஏரி ஆய்வாளர் ஆர்தர் ஹேஸ்லர், தன் பிள்ளைப்பருவம் கழிந்த யூட்டா மலைப்பக்கம் நடந்துகொண்டிருந்தார். பாறைக்கு அந்தப் பக்கம் ஓர் அருவி, இன்னும் கண்ணில் படவில்லை. குளிர்ந்த காற்றில் பாசியும் மலைப்பூவும் கலந்த வாசம் வந்தது. அவ்வளவுதான், சிறுவயது நண்பர்களும் மறந்தே போயிருந்த சங்கதிகளும் மளமளவென்று நினைவுக்கு வந்தன. மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கிப் பூக்கடையும் காப்பிப்பொடிக் கடையும் இருக்கிற தெருவில் திரும்பும்போது எனக்கும் இது நடக்கும். ஒரு நொடி ஆச்சி வீட்டு முற்றத்தில் நிற்பேன். எனக்கு அதற்குமேல் எதுவும் தோன்றியதில்லை. ஹேஸ்லருக்குத் தோன்றியது: சால்மனும் இப்படித்தானோ?

ஒவ்வோர் ஓடைக்கும் அதன் மண், பாறை, அழுகும் இலை, வாழும் பாசி சேர்ந்து ஒரு தனி வாசம் உண்டு. கடலுக்குக் கிளம்புமுன் குஞ்சு அதை மனப்பாடம் செய்துகொள்கிறது என்பது அவர் ஊகம். முதலில் ஹேஸ்லரும் அவர் மாணவர் வாரன் விஸ்பியும், சின்ன மீன்களைப் பழக்கினால் இரண்டு ஓடைத் தண்ணீரை வாசத்தால் பிரித்தறிகின்றன என்று காட்டினார்கள். பிறகு சியாட்டில் அருகே இஸ்ஸக்வா ஓடையில், இரண்டு கிளைகளுக்குத் திரும்பி வந்திருந்த கோஹோ சால்மன்களைப் பிடித்து, கிளை பிரியும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் விட்டார்கள். பாதி மீன்களுக்கு மூக்கில் பஞ்சு அடைத்திருந்தது. மூக்கு திறந்திருந்தவை பெரும்பாலும் தங்கள் கிளைக்கே மறுபடி போயின. பஞ்சு அடைத்தவை கால்போன போக்கில் போயின. மீனுக்குக் கால் ஏது என்று கேட்காதீர்கள்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. மூக்கை அடைத்தால் எந்தப் பிராணியும்தான் தடுமாறும். குட்டியில் முகர்ந்த வாசம்தான் வழிகாட்டுகிறது என்று எப்படி உறுதியாகச் சொல்வது? 1970களில் ஹேஸ்லர் குழு செய்த சோதனையை நினைத்தால் எனக்கு இன்றும் புல்லரிக்கும். பண்ணையில் வளர்ந்த கோஹோ குஞ்சுகளின் தண்ணீரில், கடலுக்குக் கிளம்பும் அந்தப் பருவத்தில், துளியிலும் துளியாக ஒரு செயற்கை வாசத்தைக் கலந்தார்கள். ஒரு கூட்டத்துக்கு மார்ஃபோலின் என்ற தொழிற்சாலை ரசாயனம். இன்னொரு கூட்டத்துக்கு ஃபீனெத்தில் ஆல்கஹால். இந்த இரண்டாவது வேறொன்றுமில்லை, ரோஜாவின் வாசத்தில் பெரும்பங்கு இதுதான். கல்யாண வாசலில் நம் மேல் தெளிக்கிறார்களே பன்னீர், அந்த மணம்.

குஞ்சுகளை மிச்சிகன் ஏரியில் விட்டார்கள். கடல் மாதிரி ஏரி, எதிர்க்கரை தெரியாது. ஒன்றரை வருடம் கழித்து முட்டையிடும் பருவம். மீன்கள் அதற்குமுன் கண்டேயிராத ஓர் ஓடையில் மார்ஃபோலினையும், இன்னோர் ஓடையில் பன்னீர் வாசத்தையும் சொட்டவிட்டுக் காத்திருந்தார்கள். மார்ஃபோலின் மீன்கள் மார்ஃபோலின் ஓடைக்கு வந்தன. பன்னீர் மீன்கள் பன்னீர் ஓடைக்கு வந்தன. அங்கே பிடிபட்டவற்றில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் சரியான ஓடையில்தான் இருந்தன. பிறக்காத ஊரை, வாசம் ஒன்றை மட்டும் வைத்துச் சொந்த ஊர் என்று நம்பவைத்துவிட்டார்கள்!

நினைவு எங்கே எழுதப்படுகிறது? மூளையில் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மீனின் மூக்கு மூச்சுவிடுவதற்கு அல்ல; முன் துளையில் தண்ணீர் நுழைந்து, பூவிதழ் போல் மடிந்த சவ்வின்மேல் ஓடி, பின் துளையில் வெளியேறும். 1994இல் கேப்ரியல் நெவிட்டும் சகாக்களும் பன்னீர் வாசத்தில் வளர்ந்த கோஹோவின் மூக்குச் செல்களைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். மற்ற மீன்களின் செல்களைவிட அவை அந்த வாசத்துக்குக் கூடுதலாகத் துடித்தன. மூளைக்குச் சேதி போகுமுன்னே மூக்குக்கே ஞாபகம் இருக்கிறது. இந்தப் பதிவு நடக்கும் சன்னலைத் திறப்பதில் முக்கியப் பங்கு, மேலே சொன்ன தைராய்டு ஹார்மோனுக்கு. ஜப்பானில் ஹொக்கைடோவின் ஹிரோஷி உவேதா குழு, அந்த வாசம் பெரும்பாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் அமினோ அமிலங்களின் கலவைதான் என்று காட்டியது.

மூக்கு ஆற்று வாயிலிருந்துதான் வேலைக்கு ஆகும். நடுக்கடலில் ஓடை மணக்காது. அங்கே பூமியின் காந்தப்புலம் உதவுகிறது. கனடாவின் ஃப்ரேசர் ஆற்றுச் சால்மன் திரும்பும்போது வான்கூவர் தீவு குறுக்கே நிற்கும், வடக்காகவும் சுற்றலாம், தெற்காகவும் சுற்றலாம். எந்த வருடம் எத்தனை மீன் எந்தப் பக்கம் வந்தது என்ற 56 வருட மீன்பிடிக் கணக்கை நேதன் புட்மன் குழு 2013இல் காந்தப்புலத்தின் மெல்லிய நகர்வோடு ஒப்பிட்டது, இரண்டும் பொருந்திப்போயின. அந்தக் கணக்கை எழுதிவைத்தவர்கள் யாரும் காந்தத்தை நினைத்து எழுதவில்லை. சும்மா, விடாமல், வருடா வருடம் எண்ணினார்கள். நம் ஊரில் இப்படி எண்ணுகிற வேலைக்குப் பணம் கேட்டுப் பாருங்கள். எண்ணுவதற்கு யாரும் அடிக்கல் நாட்ட வரமாட்டார்கள். கங்கையில் ஏறி அலகாபாத் வரை போய்க்கொண்டிருந்த ஹில்சா, அதாவது நம் உல்லம் மீன், 1975இல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் மேலே போவது அற்றுப்போனது. எத்தனை மீன் முட்டி மோதித் திரும்பிற்று என்று வருடா வருடம் எண்ணி வைத்திருந்தால் இன்று எவ்வளவு உதவும்!

அந்த மூக்கு ஊரை மட்டுமல்ல, எதிரியையும் மோப்பம் பிடிக்கும். 1950களில் கனடாவில், மீன்கள் தடையைத் தாண்டி ஏற அமைத்த மீன்படியில், கரடிப் பாதமோ கடற்சிங்கத் தோலோ மனிதக் கையோ கழுவிய தண்ணீரை ஊற்றினார்கள். ஏறிக்கொண்டிருந்த சால்மன்கள் நின்றுவிட்டன. பாலூட்டிகளின் தோலில் இருக்கும் எல்-செரின் என்ற அமினோ அமிலம்தான் அந்த எச்சரிக்கை. எதிரிக்கும் தனிக் கருவி உண்டு. கண்ணைக் கட்டிவிட்டாலும் சீல், அதாவது கடல்நாய், மீன் கடந்துபோன நீரின் சுழிப்பை மீசையாலேயே தொட்டுப் பின்தொடரும். ஜெர்மனியில் குட்டி நீர்மூழ்கி பொம்மையை ஓடவிட்டுச் சோதித்தார்கள்.

ஆனால் மனிதன் கட்டிய வாசலில் மூக்கு என்ன செய்யும்? சியாட்டிலின் பல்லார்ட் மதகில், மீன்படியின் குறுகிய வாயில் கடற்சிங்கங்கள் பந்திக்கு உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்து, 1980களிலிருந்து ஸ்டீல்ஹெட்டைத் தீர்த்துக்கட்டின. பட்டாசு வெடித்தார்கள், ரப்பர் முனை அம்பு எய்தார்கள், கடைசியில் ஓர் பொம்மைக் கொலைத்திமிங்கலத்தைக்கூட மிதக்கவிட்டார்கள். எதற்கும் மசியவில்லை. கடல் பாலூட்டிகளைக் காக்கும் அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுச் சட்டம் கடற்சிங்கத்தையும் காக்கிறது. நான் கடற்சிங்கத்தின் பக்கம். பந்தி விரித்தது அதுவல்ல.

சத்தமில்லாமல் நடக்கும் கொடுமை வேறு. கார் பிரேக் பட்டையிலிருந்து உதிரும் செம்புத்தூள் மழையில் ஓடைக்குப் போகிறது. லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் செம்பு போதும், கோஹோவின் மோப்பம் மந்தமாகிவிடும். வாஷிங்டன் மாநிலம் 2010இல் பிரேக்கில் செம்பைக் குறைக்கச் சட்டமே போட்டது. ஜூன் முதல் மழையில் சயான் மேம்பாலத்தின்கீழ் ஓடும் கறுப்புத் தண்ணீர் மிட்டி நதிக்குப் போவதைப் பார்க்கும்போதெல்லாம், இது எந்த மூக்கை அடைக்கிறதோ என்று தோன்றும்.

லாரியில் ஏற்றினாலும் ஞாபகம் கெடும். குஞ்சு, பிறந்த ஓடையின் வாசத்தை மட்டும் படிப்பதில்லை. கடலுக்குப் போகும் வழியில் ஒவ்வொரு திருப்பத்தையும் வரிசையாகப் படிக்கிறது. கலிஃபோர்னியா வறட்சியில் பண்ணைக் குஞ்சுகளை லாரியில் கடலோரம் வரை கொண்டுவிட்டார்கள். அப்படிப் போனவை திரும்பும்போது வழிதப்புவது மிக அதிகம்.

இதையெல்லாம் சொன்னபோது அக்கா விடவில்லை. "எல்லாமே பொறந்த எடத்துக்கே போனா, புது ஆத்துல மீன் எப்படி வரும்?" நல்ல கேள்வி. லாரி ஏறாத காட்டு சால்மனிலும் ஒரு சிறு பங்கு எப்போதுமே வழிதப்பும். 2024இல் அமெரிக்காவின் கிளாமத் ஆற்றின் நான்கு அணைகளை இடித்து முடித்த சில வாரங்களில், அக்டோபரில், அணைகள் இருந்த இடத்துக்கும் மேலே ஆரிகன் மாநிலத்து ஓடையொன்றில் சினூக் சால்மன்களைப் பார்த்தார்கள். ஆரிகன் பக்கத்துக் கிளாமத்தில் அவை தென்பட்டது 1912க்குப் பிறகு அதுவே முதல்முறை. அவற்றில் எந்த மீனின் மூக்கிலும் அந்த ஓடையின் வாசம் எழுதப்பட்டிருக்க வழியே இல்லை.