குள்ள மந்திரவாதியும் பிஸ்கட் பேணியும்

வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொடர்மாடி ஒன்றில் வசிக்கும் பதினோராம் தர மாணவி ஒருவர் சென்ற மாதம் எனக்கொரு கேள்வி அனுப்பியிருந்தார். சனிக்கிழமைகளில் தனியார் வகுப்பு முடிந்த பிறகு அவரும் உறவுப் பிள்ளைகளுமாக ஐந்து பேர் கூடி, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டு ஒன்றை ஆடுகிறார்கள். அதில் அவருடைய பாத்திரம் மூன்றடி உயரமே உள்ள ஒரு குள்ள மந்திரவாதி. எதிரிகள் மனத்தை மயக்கும் மந்திரத்தை ஏவும்போது வாட்டசாட்டமான வாள்வீரர்கள் எல்லாம் சுருண்டு விழ, இந்தக் குள்ளன் மட்டும் பெரும்பாலும் தப்பிவிடுகிறான். "உனக்குக் கைராசி" என்கிறார்கள் மற்றவர்கள். பெரியம்மாவின் மகனான அண்ணாவோ, "ராசியுமில்லை, ஒன்றுமில்லை, இவள் அளாப்புகிறாள்" என்கிறார்.

அண்ணாவின் குற்றச்சாட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. இந்த விளையாட்டுக்கு இருபது முகங்கள் கொண்ட தாயக்கட்டை வேண்டும். அது அவர்களிடம் இல்லை. ஆகவே 1 முதல் 20 வரை எழுதிய சீட்டுகளை மடித்து ஒரு பிஸ்கட் பேணிக்குள் போட்டு, கட்டையை உருட்ட வேண்டிய இடத்தில் ஒரு சீட்டை எடுக்கிறார்கள். குள்ளனுக்கு விதிப்படி ஒரு சலுகை உண்டு: அவன் சில வேளைகளில் கட்டையை இரண்டு தரம் உருட்டி, கூடிய எண்ணை வைத்துக்கொள்ளலாம். அதற்காக இந்தப் பிள்ளை பேணிக்குள் கைவிட்டு இரண்டு சீட்டுகளை ஒரேயடியாக எடுக்கிறார். இது அளாப்பா, அளாப்பு என்றால் எவ்வளவு அளாப்பு என்பதுதான் கேள்வி. "எவ்வளவு" என்று கேட்டதால்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயர் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் உருவாக்கி 1974 இல் வெளியிட்டார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி நடிப்பார்கள். ஐயமான செயல் ஒவ்வொன்றையும் கட்டை தீர்மானிக்கும். இருபது முகக் கட்டையில் விழுந்த எண்ணுடன் பாத்திரத்தின் திறமைக்குரிய கூட்டெண்ணைக் கூட்ட வேண்டும். அது இலக்கெண்ணை எட்டினால் வெற்றி. எமது வாசகியின் குழு ஆடுவது 2014 இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பின் விதிகளின்படி.

பாத்திரத்துக்கு ஆறு திறமைகள்: பலம், லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம். ஆரம்ப காலத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று சாதாரணத் தாயக்கட்டைகளை உருட்டிக் கூட்டினார்கள். மூன்று கட்டைகள் விழக்கூடிய வழிகள் 216. அவற்றுள் 18 வருவது ஒரே ஒரு வழியில், 10 வருவது 27 வழிகளில். ஒன்பதைக் கொண்டுவரும் எண்சேர்க்கைகள் ஆறு, பத்தைக் கொண்டுவருபவையும் ஆறுதான் என்றிருக்க, ஒன்பதைவிடப் பத்து சற்று அடிக்கடி விழுவது ஏன் என்ற புதிரை 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிலியோ விடுவித்தார். கட்டைகளைத் தனித்தனியே அடையாளமிட்டு எண்ணினால் ஒன்பதுக்கு 25 வழிகள்தான் உள்ளன. 3-3-3 என்ற சேர்க்கை ஒரே வழியில்தான் விழும் என்பதை மறப்பவர்களுக்குத்தான் அது புதிராகத் தோன்றுகிறது.

இப்போது பலர் கட்டைக்குப் பதிலாகப் புள்ளிகளைக் கொண்டு பாத்திரத்தை அமைக்கிறார்கள். கையில் 27 புள்ளிகள் இருக்கும். ஒவ்வொரு திறமையும் 8 இல் தொடங்கும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி, அதற்கு மேல் படிக்கு இரண்டு, ஆகக் கூடியது 15. அதாவது 14 இற்கு 7 புள்ளிகளும் 15 இற்கு 9 புள்ளிகளும் செலவாகும். எமது வாசகி, மந்திரவாதிக்கு அறிவுதான் உயிர் என்று எண்ணி அறிவை 15 ஆக வாங்கியிருக்கிறார். நோம் எனப்படும் குள்ள இனத்தவருக்கு அறிவில் இரண்டு இனாமாகக் கிடைப்பதால் அது 17 ஆகிவிட்டது. ஆனால் கூட்டெண் எப்படி வருகிறது என்று பாருங்கள்: திறமையிலிருந்து 10 ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, மீதியை விட்டுவிட வேண்டும். பதினாறுக்கும் மூன்று, பதினேழுக்கும் மூன்று. அவர் செலவழித்த இரண்டு புள்ளிகள் மீதியோடு மீதியாகப் போய்விட்டன. அறிவை 14 இல் நிறுத்தி 16 ஆக்கியிருந்தால், மிச்சத்தில் லாவகத்தை 15 ஆக வாங்கியிருக்கலாம். நோம்களுள் காட்டு நோம் என்ற பிரிவினருக்கு லாவகத்தில் கிடைக்கும் ஒன்றும் சேர்ந்து அதுவும் 16 ஆகும். தாங்குதிறன் 14, விவேகம் 12, பலமும் வசீகரமும் எட்டு. கூட்டிப் பாருங்கள், 27 சரியாக வரும். பாத்திரம் முன்னேறி நான்காம் நிலையை எட்டி, திறமையை உயர்த்தும் வாய்ப்பு வரும்போது ஒற்றை எண்ணுக்கும் பயன் உண்டு என்று அனுபவசாலிகள் வாதிடுவார்கள். ஆறு உயிர்ப்புள்ளியோடு தாங்குதிறனுக்குரிய இரண்டும் சேர்ந்து மொத்தம் எட்டுடன் திரியும் குள்ளன் அதுவரை உயிரோடு இருக்க வேண்டுமே என்பது என் பதில்.

இனிச் சலுகைக்கு வருவோம். எதிரியின் மந்திரம் ஒன்று அறிவையோ விவேகத்தையோ வசீகரத்தையோ தாக்கும்போது, நோம் இரண்டு தரம் உருட்டிக் கூடியதை எடுக்கலாம். இதன் பெறுமதி என்ன? சாதாரண தரக் கணிதத்தில் படித்த நெய்யரியைக் கொப்பியில் வரையுங்கள். கிடையாக 1 முதல் 20 வரை முதல் உருட்டல். நிலைக்குத்தாக 1 முதல் 20 வரை இரண்டாம் உருட்டல். மொத்தம் 400 கட்டங்கள், எல்லாம் சம வாய்ப்புள்ளவை. தப்புவதற்கு 11 அல்லது அதற்கு மேல் வேண்டும் என்று கொள்வோம். இரண்டு உருட்டலும் பத்தும் பத்துக்குக் கீழுமாக இருந்தால் மட்டுமே குள்ளன் தோற்பான். அது நெய்யரியின் ஒரு மூலையில் பத்துக்குப் பத்தாக ஒரு சதுரம், 100 கட்டங்கள். மீதி 300 கட்டங்களும் வெற்றி. ஒரு கட்டையுடன் 50 சதவீதமாக இருந்த வாய்ப்பு 75 சதவீதமாகிவிட்டது. இது கூட்டெண்ணில் ஐந்தைக் கூட்டியதற்குச் சமம்.

அப்படியானால் இரண்டு தரம் உருட்டுவது எப்போதும் ஐந்து புள்ளிக்குச் சமமா? இல்லை. தப்புவதற்கு 20 தான் வேண்டும் என்றால், தோல்விச் சதுரம் 19 இற்கு 19 ஆக வீங்கி 361 கட்டங்களை விழுங்கிவிடும்; வாய்ப்பு 5 சதவீதத்திலிருந்து 9.75 ஆகிறது, அதாவது ஒரு புள்ளிக்கும் சற்றுக் குறைந்த நன்மை. மறுபக்கத்தில், 2 இருந்தாலே போதும் என்றால் 95 சதவீதம் 99.75 ஆகிறது, அங்கேயும் அதே 4.75 தான் கூடுகிறது. இரண்டு ஓரத்திலும் ஒரே எண் வருவது தற்செயல் அல்ல. வெல்லும் நிகழ்தகவையும் தோற்கும் நிகழ்தகவையும் பெருக்குங்கள்: இரண்டாவது உருட்டலால் கிடைக்கும் நன்மை எப்போதும் அந்தப் பெருக்கம்தான். காரணம் எளிது. இரண்டாவது உருட்டல் பயன்படுவதற்கு முதலாவது தோற்றிருக்க வேண்டும், இரண்டாவது வென்றிருக்க வேண்டும். இரண்டும் ஒன்றையொன்று சாராதவை என்பதால் நிகழ்தகவுகளைப் பெருக்குகிறோம். இந்தப் பெருக்கத்தை வரைபாகக் கீறினால் கவிழ்த்த கிண்ணம்போல ஒரு பரவளைவு வரும். அதன் திரும்பற் புள்ளி சரியாகப் பாதியில், இரு முனைகளும் பூச்சியத்தில்.

இந்தப் பரவளைவை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தரமும் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. நிச்சயமாக வெல்பவனுக்கும் நிச்சயமாகத் தோற்பவனுக்கும் இரண்டாவது வாய்ப்பால் அதிகம் பயனில்லை. எப்படியும் போகலாம் என்று ஐயத்தில் நிற்பவனுக்கே அது முழுப் பெறுமதியுடன் கிடைக்கிறது. எமது குள்ளனின் இடமும் அதுதான். முதல் நிலை மந்திரவாதிக்கு விவேகத்தைக் காப்பதில் கூட்டெண் மூன்று: விவேகம் 12 இற்குரிய ஒன்றும், மந்திரவாதியின் பயிற்சிக்குரிய இரண்டும். இலக்கெண் 13 என்றால் அவனுக்கு 10 வேண்டும். ஒரு கட்டையுடன் 55 சதவீதம், இரண்டுடன் 79.75. வசீகரம் எட்டு என்று நாம் கஞ்சத்தனமாக விட்ட இடத்தில்கூட 14 வேண்டும். 35 சதவீதம் 57.75 ஆகிறது. எட்டாக விட்ட வசீகரத்தின் ஓட்டையைச் சலுகை அடைத்துவிடுகிறது. பலத்தையோ லாவகத்தையோ தாக்கும் மந்திரத்தின்முன் அவனுக்கு இந்தச் சலுகை கிடையாது என்பதால்தான், மிச்சம் பிடித்த புள்ளிகளை லாவகத்தில் போடச் சொன்னேன்.

வாள்வீரர்கள் மயங்கி விழுவதும் குள்ளன் தப்புவதும் இதனால்தான். கைராசி என்பதற்கு இதில் இடமே இல்லை. காலி வீதி நெடுக லொத்தர்ச் சீட்டு விற்கும் கூண்டுகளின்முன் நின்று, தம் இராசிக்கு ஏற்ற சீட்டைத் தேடிப் புரட்டுகிறவர்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். அவர்களுள் கணக்குத் தெரிந்தவர்களும் பலர். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. நான் படித்த பாடசாலையில் நிகழ்தகவு அலகைக் கடைசித் தவணையில் இரண்டு பாடவேளைகளில் முடித்து, "பரீட்சைக்கு ஒரு கேள்விதான் வரும்" என்று ஆறுதலும் சொன்னார்கள். கட்டடமும் கருவியும் கேட்கும் துறைகளுக்குப் பணம் ஒதுக்கினால் திறந்துவைத்துப் படமெடுக்க ஏதாவது இருக்கும். இருபது சீட்டும் ஒரு பேணியும் மட்டும் கேட்கும் துறைக்கு அப்படி எதுவும் இல்லாததால்தான் அது வரிசையின் கடைசியில் நிற்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பேணிக்குத் திரும்புவோம். இரண்டு சீட்டுகளை ஒரேயடியாக எடுக்கும்போது இரண்டிலும் ஒரே எண் வர முடியாது. ஆகவே நெய்யரியின் மூலைவிட்டத்தில் உள்ள 20 கட்டங்களும் அழிந்து, 380 கட்டங்களே மிஞ்சுகின்றன. தப்புவதற்கு 11 வேண்டும் என்ற அதே நிலையில், தோல்விச் சதுரத்தின் 100 கட்டங்களில் மூலைவிட்டத்துக்குரிய 10 போய் 90 மிஞ்சும். 380 இல் 90 என்பது ஏறத்தாழ 23.7 சதவீதம், கட்டையை உருட்டினால் இது 25. ஆக அண்ணா சொல்வது சரிதான், சீட்டு முறை குள்ளனுக்குச் சாதகமானது. கூடிய எண்ணின் சராசரியும் 13.825 இலிருந்து துல்லியமாக 14 இற்கு ஏறுகிறது. தப்புவதற்கு 2 போதும் என்ற நிலையில், இரண்டு சீட்டிலும் 1 வர வழியே இல்லாததால், குள்ளன் தோற்கவே மாட்டான்.

ஆனால் எவ்வளவு அளாப்பு? இந்த இடத்தில் கணக்கைச் செய்து பார்த்துவிட்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன். சீட்டு முறையால் கூடும் வாய்ப்பு, வெல்லும் நிகழ்தகவையும் தோற்கும் நிகழ்தகவையும் பெருக்கி 19 ஆல் வகுத்தால் வருவது. அதே பரவளைவு, பத்தொன்பதில் ஒரு பங்கு உயரத்தில்! விதி கொடுத்த சலுகை எங்கே உச்சத்தில் நிற்கிறதோ, அளாப்பும் அங்கேதான் உச்சத்தில் நிற்கிறது. அந்த உச்சத்திலும் அது 76 இல் ஒன்றுதான்: 76 தடவை மயக்கு மந்திரம் பாய்ந்தால், சராசரியாக ஒரு தடவை குள்ளன் நியாயமற்ற முறையில் தப்பியிருப்பான். சனிக்கிழமை ஒன்றில் இரண்டு மூன்று தடவை பாய்ந்தால்கூட அதற்கு அரை வருடம் ஆகும். முதற் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டுக் குலுக்கி இரண்டாவதை எடுத்தால், இந்தச் சிறு அளாப்பும் இல்லாமல் போய்விடும்.

அண்ணாவுக்கும் ஒரு செய்தி உண்டு. மந்திரத் தடுப்பாற்றல் உள்ள எதிரிகளுக்கும் இதே சலுகை இருக்கிறது. குள்ளனின் மந்திரத்துக்கு இலக்கெண், அடிப்படை எட்டு, பயிற்சிக்குரிய இரண்டு, அறிவுக்குரிய மூன்று என மொத்தம் 13. கூட்டெண் இல்லாத எதிரி 40 சதவீதம் தப்புவான், தடுப்பாற்றல் இருந்தால் 64 சதவீதம். அத்தகைய எதிரியிடம், குறி தவறாமலும் எதிரியை உருட்டக் கேட்காமலும் பாயும் மாய அம்பு மூன்றும் சேர்ந்து சராசரி 10.5 சேதம் விளைவிக்கும் மந்திரமே கெட்டித்தனமான தெரிவு. கதையை நடத்தும் அண்ணா அந்த எதிரிக்காகப் பேணியிலிருந்து எப்படிச் சீட்டெடுக்கிறார் என்பதையும் தங்கச்சி கவனித்துக்கொள்ளலாம்.

எல்லாச் சீட்டுகளும் ஒரே அளவில் மடிக்கப்படாவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும் என்பதையும் அவருக்கு எழுதினேன். ஒவ்வொரு முறையும் திரும்பப் போட்டுக் குலுக்கி, 400 தரம் எடுத்துக் குறித்துப் பாருங்கள். ஒவ்வோர் எண்ணும் சராசரியாக 20 தரம் வரவேண்டும்; நியமவிலகல், அதாவது சராசரியிலிருந்து வழக்கமாக விலகும் அளவு, ஏறத்தாழ 4.4 என்பதால், ஓர் எண் 14 தரமும் இன்னொன்று 26 தரமும் வந்தால் அது சீட்டின் குற்றமுமல்ல, ராசியின் குற்றமுமல்ல. நேற்று அவரிடமிருந்து பதில் வந்தது: மின்வெட்டு நேரத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் ஐந்து பேருமாக 160 வரை எடுத்துவிட்டார்களாம், அதில் 7 என்ற எண் இதுவரை 15 தரம் வந்திருக்கிறதாம், அந்தச் சீட்டை மாற்றி எழுதலாமா என்று கேட்டிருக்கிறார். எட்டு வரவேண்டிய இடத்தில் 15. இது சற்று ஐயத்துக்குரியதுதான். ஆனால் இருபது எண்களில் ஏதாவது ஒன்று இப்படித் துருத்திக்கொண்டு நிற்பதற்கான வாய்ப்பு, ஒரே எண்ணைத் தனியே பார்க்கும்போது தோன்றுவதைவிட அதிகம். 400 முடியும்வரை சீட்டைத் தொட வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன்.