“சரிங்க சார்” என்றால் சம்மதமா?

அமெரிக்க நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்க்கிறேன். வக்கீல் இல்லை, இன்னாருக்கு இப்படிச் செய்யுங்கள் என்று யோசனை சொல்ல எனக்கு அனுமதியும் கிடையாது. எந்த ஊர், எந்த வழக்கு என்றும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்கிறேன்: ‘சரி’.

ரோட்டோரம் கார் நிற்கிறது. போலீஸ்காரரின் சட்டையில் மாட்டிய கேமரா ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் பேசப் பேச, நம் ஆள் “ஓகே சார், சரிங்க சார்” என்று தலையாட்டிக்கொண்டே இருக்கிறார். டிக்கியைத் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டதற்கும் அதே ஓகே சார்தான். நமக்குப் பாதி நேரம் ‘சரி’ என்றால் ‘காதில் விழுகிறது, மேலே சொல்லுங்க’ என்று அர்த்தம். கேமரா பதிவை எழுத்தாக்கும்போது அது சம்மதம் ஆகிவிடும்.

இது ஏன் பெரிய விஷயம்? அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் காரணமில்லாத சோதனையைத் தடுக்கிறது. அதை மீறி எடுத்த பொருளை மாநில நீதிமன்றங்களிலும் சான்றாக வைக்கக் கூடாது என்று 1961-இல் மேப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விதிவிலக்குகள் ஏராளம். அவற்றில் போலீசுக்கு மிகச் சுலபமானது நாமே கொடுக்கும் சம்மதம். மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு என்று போலீஸ் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. 1973-இல் வந்த புஸ்டமான்டே வழக்கின் தீர்ப்பு அது. அங்கேயும் கார்தான். பார்க்கலாமா என்றார் போலீஸ்காரர், தாராளமாக என்றார் காரில் இருந்த ஒருவர். பின்சீட்டுக்கு அடியில் திருட்டுக் காசோலைகள் கிடைத்தன.

லைசென்ஸ் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும், அதில் பேச்சில்லை. சோதனைக்கு மட்டும் “ஐ டோன்ட் கன்சென்ட்” என்று மரியாதையாகச் சொல்லலாம். அதற்குப் பிறகும் தேடினால் குறுக்கே நிற்காதீர்கள். அந்தச் சண்டையை ரோட்டில் போடக் கூடாது, கோர்ட்டில் வக்கீல் போடுவார்.

அப்புறம் மௌனம். சும்மா இருந்தால் போதும் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். சலினாஸ் என்பவர் கைதாகாமல், தானாக டெக்ஸஸ் காவல் நிலையத்துக்குப் போய்க் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கொலை நடந்த இடத்தில் கிடந்த தோட்டாக்கூடு உன் துப்பாக்கியோடு பொருந்துமா என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். தலையைக் குனிந்தார், உதட்டைக் கடித்தார். அந்த மௌனத்தையே அரசுத் தரப்பு அவருக்கு எதிராகக் காட்டியது. ஐந்தாவது திருத்தத்தின்படி பேச மறுக்கிறேன் என்று அவர் வாய்விட்டுச் சொல்லவில்லையே என்று 2013-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

வக்கீல் வேண்டும் என்று கேட்பதிலும் இதே கதைதான். ‘ஒருவேளை வக்கீலிடம் பேசணுமோ’ என்ற தொனியில் ஒருவர் சொன்னது போதாது என்று 1994-இல் டேவிஸ் வழக்கில் முடிவானது. ‘பேசணுமோ’ என்ற அந்த ஓகாரம் நம் மரியாதையின் அடையாளம், கேட்கிறவருக்கு அது வெறும் சந்தேகம். “ஐ வான்ட் எ லாயர்” என்று நேராகச் சொல்லவேண்டும். ‘நீங்கள் பேசாமல் இருக்கலாம்’ என்று சினிமாவில் போலீஸ் சொல்லும் மிராண்டா எச்சரிக்கைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். காவலில் வைத்து விசாரிக்கும்போதுதான் அது கட்டாயம். ரோட்டோரம் கேட்கும் கேள்விகளுக்குப் பெரும்பாலும் அது வராது, ஆனால் நீங்கள் சொன்ன பதில் கோர்ட்டுக்கு வரும். விசாவில் இருப்பவனுக்கு இந்த உரிமை ஏது என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். குற்ற வழக்கில் குடிமகன் அல்லாதவருக்கும் இவை உண்டு.

அந்த டிக்கி வழக்குக்கு வருகிறேன். சான்றை நீக்கக் கோரிய மனு மீதான விசாரணை. “சரி என்று சொன்னீர்களா, இல்லையா?” என்று அரசு வக்கீல் கேட்டார். “சரின்னுதான் சார் சொன்னேன்” என்றார் அவர். நான் விளக்கவுரை கொடுக்கக் கூடாது. நீதிபதியிடம் அனுமதி வாங்கி, இந்தச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் அர்த்தம் உண்டு என்று மட்டும் பதிவுசெய்தேன். அப்படியானால் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்பதை அவரே விளக்கட்டும் என்றார் நீதிபதி. அதை நான் தமிழில் சொன்னதும், அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

“சரிங்க மேடம்.”