மைக்கின் பின்வாசல்

மேடை நிகழ்ச்சிகளுக்கு லைட் போடும் குழுவில் இருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரைச்சலை அடக்கும் நல்ல ஹெட்ஃபோன் வாங்கி, கான்ஃபரன்ஸ் காலில் பேசிக்கொள்கிறோம். எனக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கிறது. நான் பேசுவதுதான் யாருக்கும் புரியவில்லை. ஏன்?"

நீங்கள் வாங்கியது உங்கள் காதுக்கான வசதி. அடுத்தவர் காதுக்கு வேண்டியது உங்கள் உதட்டருகே இருக்கும் மைக். உங்கள் ஹெட்ஃபோனில் மைக் காதோரத்தில் இருக்கிறது.

மேடைக் குழுக்கள் மாட்டும் இன்டர்காம் ஹெட்செட்டில் பெரும்பாலும் டைனமிக் மைக் இருக்கும். சவ்வு அதிரும், அதில் ஒட்டிய கம்பிச்சுருள் காந்தத்துக்குள் அசையும், மின்னழுத்தம் பிறக்கும். இது பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த விஷயம் அந்தச் சவ்வின் பின்னால் இருக்கிறது. அங்கேயும் காற்றுக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். ஒலி இரண்டு பக்கமும் தள்ளுவதால், இரண்டு அழுத்தங்களுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே சவ்வை அசைக்கும்.

ஒலியழுத்தம் தூரத்துக்கு ஏற்பக் குறையும். உங்கள் வாயிலிருந்து முன்வாசல் 1 செ.மீ., பின்வாசல் 2 செ.மீ. என்று வையுங்கள். பின்னால் போய்ச் சேரும் அழுத்தம் பாதிதான். ஐந்து மீட்டர் தள்ளி அலறும் ஸ்பீக்கருக்கோ அதே இரண்டு வாசல்களும் 500, 501 செ.மீ. தூரத்தில் இருக்கின்றன. வித்தியாசம் 0.2 சதவீதம். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகத் தள்ளினால் சவ்வு எங்கே அசையும்? பேட்டரியும் இல்லை, சிப்பும் இல்லை, ஒரு துளை செய்யும் வேலை இது!

சுருதி ஏற ஏற இந்தச் சமநிலை குலையும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 3.4 மீட்டர், அதில் 1 செ.மீ. ஒரு பொருட்டே இல்லை. 5,000 ஹெர்ட்ஸில் அலைநீளமே 7 செ.மீ. அளவுதான். அதனால் டிரம்ஸின் குமுறல் அடங்கிவிடும், ஜால்ராவின் ஒலி கொஞ்சம் நுழைந்துவிடும்.

சரி, இதே மைக்கை வாயிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் வைத்தால்? உங்கள் குரல் தரும் வித்தியாசம் 15 மடங்கு சுருங்கிவிடும். உதட்டோரம் ஒட்டி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். மைக்கைச் சுற்றி டேப் ஒட்டுவதும் கையால் பொத்திப் பேசுவதும் பின்வாசலை அடைத்துவிடும், அப்புறம் அது சாதாரண மைக்தான்.

வாங்கும்போது, ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவருக்கு இரு காதும் மூடும் ஹெட்செட். மேடையையும் கேட்க வேண்டிய மேலாளருக்கு ஒற்றைக் காது. முடிந்தவரை ஒயர் இணைப்பையே எடுங்கள். மூன்று பின் உள்ள மைக் கேபிள் ஒன்றிலேயே மின்சாரமும் குரலும் போய்விடும். ஒயர்லெஸ்தான் வேண்டுமென்றால், கூட்டத்தின் வைஃபை நெரிசல் உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸைவிட 1.9 கிகாஹெர்ட்ஸ் டெக்ட் (கார்ட்லெஸ் போன்களின் தொழில்நுட்பம்) வகை எனக்குப் பிடிக்கும்.

ஸ்பீக்கர் வாட்டுக்குத் தாராளமாகச் செலவழிக்கும் அமைப்பாளர்கள் இன்டர்காம் என்றதும் கணக்குப் பார்ப்பது எனக்குக் கோபமூட்டுகிறது. லைட் தொங்கும் உலோகச் சட்டம் (truss) கீழே இறங்கும்போது "நிறுத்து" என்ற ஒரு சொல் கேட்காமல் போனால், அடியில் நிற்பவரின் உயிர் போகலாம்.

ஹெட்செட் வாங்குமுன் கடையிலேயே பாஸ் அதிரும் பாட்டு ஒன்றை உரக்கப் போடச் சொல்லுங்கள். மைக்கை உதட்டில் ஒட்டிவைத்து ஒருமுறை, விரலால் பின்வாசலை மூடி ஒருமுறை பேசுங்கள். மறுமுனையில் உங்கள் குழுவில் ஒருவர் கேட்கட்டும்.