அந்தக் கட்டி ஏன் அவ்வளவு கெட்டி?

குளச்சலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், ஆபரேஷன் முடிந்துவிட்டது. "மணவாளக்குறிச்சி மணல்தான் காரணம்னு ஊர்ல சொல்றாங்க. டாக்டர் பரம்பரையில யாருக்காவது இருக்கான்னு கேக்கிறாங்க. எதை நம்ப? அந்த ஜீன் எனக்கும் இருந்தா அவ்வளவுதானா? இன்னொண்ணு சார், வலியே இல்லாத கட்டி, தொட்டா அவ்வளவு கெட்டியா இருந்துதே, அது ஏன்?"

மணலை முதலில் முடித்துவிடுவோம். அதில் கிடக்கும் மோனசைட் என்ற கனிமத்தில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் உண்டு, கதிர்வீச்சும் உண்டு. ஆனால் இதே வகை மணல் கிடக்கும் கொல்லம் மாவட்டத்துக் கருநாகப்பள்ளியில், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்தார் ஏறத்தாழ 70,000 பேரைப் பத்தாண்டுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்கள். வீடு வீடாகக் கதிர்வீச்சை அளந்தார்கள். அதனால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்பது 2009இல் வந்த முடிவு. இந்த மாதிரிப் பொறுமையான வேலைக்குத்தான் காசு போட வேண்டும் என்பது என் கட்சி. ஓதிக் கட்டிய கயிற்றோடு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இது உருப்படியானது.

அடுத்து ஜீன். உடைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் வேலை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களுடையது. இவற்றில் ஒன்றில் பிழையோடு பிறந்த பெண்களில் 100க்குச் சுமார் 70 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. மீதிப் பேருக்கு அதே பிழை இருந்தும் வருவதில்லை. மொத்த மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது 100க்கு 5 முதல் 10தான்.

இனி எனக்குப் பிடித்த இடம், அந்தக் கெட்டி. பால்குழாயின் உள்சுவர்ச் செல்லில்தான் நோய் பெரும்பாலும் தொடங்குகிறது. குழாயைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. அதற்கு வெளியே கொழுப்பு, ரத்தக்குழாய், கொலாஜன் நார், அந்த நாரை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். கெட்டுப்போன செல் அனுப்பும் வேதித் தூது ஃபைப்ரோபிளாஸ்டை உசுப்புகிறது. ஏதோ புண் ஆற வேண்டும் என்பதுபோல அது கொலாஜனை நெய்து தள்ளுகிறது. லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி நாரோடு நாரைப் பிணைத்து இறுக்குகிறது. விரலுக்குத் தட்டிய கெட்டி பெரும்பாலும் இந்த நார்தான்.

செல்லின் மேல்பரப்பில் இன்டெக்ரின் என்ற புரதங்கள் நாரைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. செல் அதை எப்போதும் இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கும். கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களைக் கேட்டால் தெரியும்: கயிறு தொய்ந்திருந்தால் கைக்கு ஒன்றும் தெரியாது, விறைத்தால்தான் மடியின் கனம் தோள்வரை ஏறும். அப்படியே, நார் விறைக்கும்போது இன்டெக்ரின்கள் ஓரிடத்தில் கூடி, 'வளர், பிரி' என்ற உத்தரவை உள்ளே அனுப்புகின்றன. செல் இன்னும் பலமாக இழுக்கிறது. நார் இன்னும் விறைக்கிறது. கட்டியின் ஓரத்தில் நார்கள் வெளிப்புறம் நோக்கி நேராக நீண்டுவிட்டால், செல்கள் அதையே பாதையாகப் பிடித்து ஊர்ந்து வெளியேறுகின்றன.

அந்தப் பிடியைத் தடுத்தால்? கலிபோர்னியாவின் பெர்க்லியில் உயிரியலாளர் மினா பிஸ்ஸலின் குழு அதைச் செய்து பார்த்தது. 1997இல் வந்த அந்தக் கட்டுரையின் முதல் ஆசிரியர் வேலரி வீவர். இயல்பான மார்பகச் செல்களைச் சரியான கூழில் வளர்த்தால் ஒழுங்கான சிறு உருண்டைகளாக அமையும். புற்றுச் செல்கள் தாறுமாறாகக் குவியும். அந்தப் புற்றுச் செல்களின் பீட்டா1 என்ற வகை இன்டெக்ரினை, அதில் போய் ஒட்டிக்கொள்ளும் ஓர் ஆன்டிபாடியால் அடைத்ததும், அவையும் உருண்டையாக அடங்கி நின்றன. மரபணுப் பிழை ஒன்றுகூடத் திருந்தவில்லை! ஆன்டிபாடியை எடுத்ததும் பழைய குணம் திரும்பிவிட்டது. ஜீன் வரிசை படிக்கக் கொட்டும் பணத்தில் கொஞ்சம் செல்லின் அக்கம்பக்கத்துக்கும் போகலாமே என்று நான் சொல்வது இதனால்தான். அதே வீவரின் குழு 2009இல் எலிகளில் லைசில் ஆக்சிடேஸைத் தடுத்தபோது திசு இறுகுவது குறைந்தது, கட்டி முற்றுவதும் தாமதமானது.

எலிக்குப் பலித்தது மனிதருக்கு வழக்கமான மருந்தாக இன்னும் வந்துவிடவில்லை. ஆகவே உங்கள் ஜீன் கேள்விக்கு நடைமுறைப் பதில்: ஜீன் பரிசோதனை முதலில் அம்மாவுக்கு. அவரிடம் பிழை அகப்பட்டால்தான் உங்கள் ரத்தத்தில் எதைத் தேடுவது என்று தெரியும். அது உங்களுக்கு வந்திருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. அப்பா வழியிலும் இந்தப் பிழை இறங்கும் என்பதால், டாக்டரிடம் போகுமுன் அத்தைமாரையும் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள்.